எடகாலு மாணிக்கத்தின் மன்னிப்புக் கடிதம்

‘இமயமலையையே எதிரணிக் கோலியாக நிறுத்தினாலும் அதன் காலிடுக்கில் பந்தைத் தள்ளிவிட்டு வரும் கால்பந்துச் சக்கரவர்த்தியே! சாமுண்டி மலையில் நின்று உதைத்தால் காவிரிக்கு அந்தப் பக்கம் கோல் விழ வைக்கும் எடகாலு மாணிக்கமே! சூரியனும் உமது பந்தே! வருக! வருக!’

ஜனவரி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு அடி ஃப்ளெக்ஸில் இதை அடித்து காலனி மைதான வாசலில் கட்டியிருந்தார்கள். மாணிக்கவாசகம் அதன் முன்னால் நின்று இரண்டு தடவை படித்தார். வெட்கப்பட்டார் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அவர் வெட்கப்படவில்லை. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நிமிர்ந்து பார்த்தார்.

இப்படி எழுதக்கூடிய ஆள் மைசூரில் ஒருத்திதான். காலனி முனையில் கிரணின் ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் தட்டும் அஷ்வினி. பதினேழு வயது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவள். படித்ததெல்லாம் கன்னடத்தில், தமிழ் எழுத்தைப் பேனர் பார்த்தே பழகினாள். அதனால் அவள் தமிழில் ‘வருக வருக’வும் ‘கண்ணீர் அஞ்சலி’யும்தான் அதிகம். போன தீபாவளிக்கு முதலாளி கிரணின் பழைய ஸ்கூட்டர் எஞ்சின் அடைத்துக்கொண்டு நின்றபோது, ஸ்கூட்டர் படத்துக்கு மாலை போட்டு, ‘எங்களை விட்டுப் பிரிந்த குடும்ப விளக்கே’ என்று அஞ்சலி அடித்து விளக்குக் கம்பத்தில் கட்டிவிட்டாள். தூரத்திலிருந்து மாலையை மட்டும் பார்த்த மூன்று பேர் கிரண் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனார்கள். அவளை ஏன் வேலையை விட்டு அனுப்பவில்லை என்றால், காலனியில் தமிழ் தட்டத் தெரிந்தது அவளுக்கு மட்டும்தான்.

சரி, மாணிக்கவாசகம். அப்பா சேலத்துப் பக்கத்திலிருந்து ரயில்வே வொர்க்‌ஷாப் வேலைக்கு மைசூர் வந்தவர். மகன் படிப்பில் சுமார், வலது காலிலும் சுமார். இடது கால் மட்டும் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. கன்னடத்தில் இடது காலுக்கு எடகாலு. பத்தொன்பது வயதில் அந்தக் காலைக் காட்டித்தான் வொர்க்‌ஷாப்பில் வேலை வாங்கினார். அதற்குப் பிறகு அவரை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது சம்பளச் சீட்டு ஒன்றுதான். மற்றவர்களுக்கு எடகாலு மாணிக்கம்.

எண்பத்தைந்தில் பெங்களூரில் இறுதியாட்டம். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். மூலையில் பந்தை வைத்து இடது காலால் ஒரு சீவு. யார் தலையிலும் படாமல், கம்பத்தைச் சுற்றிக்கொண்டு பந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. மைசூரிலிருந்து ரயிலேறிப் போன கூட்டம் “ஹொடி மாணிக்கா, ஹொடி!” என்று, கன்னடத்தில் ‘அடி, அடி’ என்று கத்தியது, பந்து உள்ளே போன பிறகும் நிற்கவில்லை. அடுத்த வாரமே பசவராஜின் சலூனில் சாமி படத்துக்கும் ராஜா படத்துக்கும் நடுவில் அவர் படம் ஏறியது. பஸ்ஸில் கண்டக்டர் எழுந்து தன் இடத்தைக் கொடுத்த காலம் அது.

மறு வருஷம் கல்கத்தாவில் தேசிய அணிக்கு முகாம். இருபத்தோரு நாள் இருந்தார். இருபத்திரண்டாம் நாள் முழங்கால் பலாப்பழமாய் வீங்கி, திரும்பி வந்தார். அதைப் பற்றி அவர் பேசமாட்டார். வொர்க்‌ஷாப் அணிக்கு இன்னும் ஆறு வருஷம் ஆடினார், பிறகு ஃபிட்டராகவே ஓய்வு பெற்றார். விடியற்காலை ஆறு மணிக்குக் காலனிப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஓட விடுவார். காலனிக் கால்பந்துக் கழகம் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் தன் கோப்பைக்கு அவர் பெயரை வைத்தது. கோப்பையின் மரப்பீடத்தில் ஒரு பித்தளைப் பலகை: ‘எடகாலு மாணிக்கவாசகம் சுழற்கோப்பை’. போட்டி நெருங்கினால் அந்தப் பலகையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து புளி போட்டுத் துலக்குவார். வீட்டுக் குத்துவிளக்கை அவர் ஒரு நாளும் துலக்கினதில்லை என்பது மனைவி பாப்பாத்தியின் புகார்.

கழகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எண்பத்தைந்தில் கோல் போட்ட அந்தப் பந்து, வாயில் லேஸ் கட்டிய பழைய தோல் பந்து, கழக அறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கும். போட்டி தொடங்கும் நாளில் அதை எடுத்து மைதான நடுவில் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். பிறகு கழகத் தலைவர் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார். அத்தோடு பந்து அலமாரிக்குத் திரும்பிவிடும்.

தலைவர் பாலன். மைசூரைச் சுற்றி வயல்களையெல்லாம் வீட்டு சைட்டாக்கி விற்பவர். இந்த ஜனவரியில் எலுமிச்சம்பழம் நசுங்கின பிறகு அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “இந்த வருசம் நான் உதைக்கப் போறதில்ல. யார் பேர்ல கோப்பையோ, அவரே உதைக்கட்டும். வாங்க மாணிக்ணா!” என்றார்.

கூட்டம் கைதட்டியது. மாணிக்கவாசகத்தின் தலையில் மைசூர்ப் பேட்டா என்னும் ஜரிகைத் தலைப்பாகை, தோளில் சால்வை, கழுத்தில் ஏலக்காய் மாலை. அறுபத்து நாலு வயது மனிதர் அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? தலைவர்கள் மாதிரி ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் ‘சூரியனும் உமது பந்தே’ என்று படித்துவிட்டு வந்தவருக்குத் தட்ட மனசு வருமா? நாலடி பின்னால் போனார். சால்வையை இழுத்துச் செருகினார். எண்பத்தைந்தில் ஓடின மாதிரியே ஓடிவந்து, முழு இடது காலையும் வீசினார்.

பந்து நகரவில்லை. அவர்தான் நகர்ந்தார்.

கால் அப்படியே நின்றுபோக, உடம்பு பந்துக்கு மேலே பறந்து அந்தப் பக்கம் குப்புற விழுந்தது. பேட்டா உருண்டு கோட்டைத் தாண்டிப் போனது. ஒரு நாய் வந்து அதை மோந்து பார்த்தது. எல்லாம் சேர்ந்து பதினோரு விநாடி. நாற்பது போன்கள் அதைப் பிடித்திருந்தன.

மண்ணில் முகம் வைத்துக் கிடந்தபோதே அவர் காலுக்குத் தெரிந்துவிட்டது. அரைக் கிலோ கூட இல்லாத பந்து அது. அன்றைக்கு அது தண்டவாளக் கட்டை மாதிரி கனத்தது. கட்டை விரல் நகம் மதியத்துக்குள் கறுத்துவிட்டது. சாயங்காலம் நொண்டிக்கொண்டே கழக அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தார். பந்து இருந்தது, பஞ்சு மாதிரி லேசாக. லேஸ் புதுசாக முடிச்சுப் போட்டிருந்தது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். விரல் நுனியில் நாலைந்து மணல் ஒட்டிக்கொண்டு வந்தது. ஈர மணல்.

யாரிடமும் சொல்லவில்லை. பாப்பாத்தியிடம்கூட.

ஏன் சொல்லவில்லை என்றால், அதற்குக் காரணம் அவர் வாய்தான். எண்பத்தெட்டில் ஓர் அரையிறுதி. இதே பாலன் அப்போது இருபது வயசுப் பையன். பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே வானத்துக்கு அனுப்பிவிட்டு வந்து, “பந்துல காத்தே இல்லண்ணா” என்றான். அணி மொத்தமும் நிற்கும்போது மாணிக்கவாசகம் கேட்டார்: “ஏன்டா, பந்து பேசிச்சா? ‘இன்னைக்கு என்னால முடியாது பாலா’ன்னு உன் காதுல வந்து சொல்லிச்சா?”

அன்றைக்குச் சிரித்த சிரிப்பு காலனியில் இன்னும் ஓயவில்லை. பரீட்சையில் கேள்வித்தாள் கஷ்டம் என்று பிள்ளை சொன்னால் அப்பா கேட்பார்: “ஏன், பந்து பேசிச்சா?” சாம்பாரில் உப்புக் கூடினதற்குப் பெண்டாட்டி உப்பைக் குறை சொன்னால் புருஷன் கேட்பான்: “பந்து பேசிச்சா?” பாலனுக்குப் பத்து வருஷம் ‘பந்துபேசி’ என்றே பெயர். அவர் கல்யாணத்தில் மொய் எழுதியவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே எழுதினார்கள். பந்தைக் குறை சொன்ன ஒருவனை அப்படி ஊர் வாயில் போட்டு மென்றவர், இப்போது எழுந்து நின்று ‘பந்து கனமாக இருந்தது’ என்று எப்படிச் சொல்வார்?

அவர் வாயை மூடிக்கொண்டதும் ஊர் வாயைத் திறந்துகொண்டது. ‘எண்ணெய் ஏறிய சக்கரவர்த்தி’ என்று யாரோ வீடியோவுக்குத் தலைப்பு வைத்தார்கள். இங்கே சாராயத்துக்குச் செல்லப்பெயர் எண்ணெய். வெற்றி விருந்துகளில் அணியே மல்லாந்து கிடக்கும்போது தனியாக உட்கார்ந்து கலர் சோடா குடித்தவர் மாணிக்கவாசகம். அதற்குச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் அன்றைக்கு மல்லாந்து கிடந்தவர்கள். அவர்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

பிறகு அந்த விழுகை ஒரு வாட்சப் ஸ்டிக்கர் ஆனது. பேட்டா பறக்க, கால் மேலே, தலை கீழே, அடியில் ‘குட் நைட்’. ஓய்வு பெற்றோர் குழுவில் அதை முதலில் போட்டது யார் தெரியுமா? சித்தையன். பதினோரு வருஷம் அவருக்குப் பின்னால் கோலில் நின்ற சித்தையன்.

மாணிக்கவாசகம் போன் போட்டார். “டேய் சித்தையா, இப்ப ஒண்ணு அனுப்பினியே, அது யாருன்னு பாத்தியா?”

“யாரோ குடிகாரன்டா. பேரன் ஏத்திக் குடுத்தான். ஜோரா விழுறான்ல?”

“கண்ணாடிய மாட்டிட்டுப் பாரு.”

கண்ணாடிக் கூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “அய்யய்யோ… மாணிக்!”

அன்றைக்கு முக்கால் மணி நேரம் மன்னிப்புக் கேட்டார் சித்தையன். மறுநாள் இரவு ஒன்பது மணிக்குப் பழக்க தோஷத்தில் அதையே மறுபடி அனுப்பினார்.

விழுந்த மறுநாள் காலை, வீட்டு கேட்டில் ஒரு பிளாஸ்டிக் கவர் தொங்கியது. உள்ளே வலிக்குத் தடவும் மருந்து ட்யூப் ஒன்று. பெயர், கடிதம் எதுவும் இல்லை. அது சித்தையனின் வேலை என்று மாணிக்கவாசகம் நினைத்துக்கொண்டார். பிறகு ஸ்டிக்கர் வந்த நாளில் அந்த நினைப்பையும் எடுத்துவிட்டார்.

காலை ஆறு மணிக்கு வரும் இருபத்திரண்டு பிள்ளைகள் பிப்ரவரியில் ஒன்பதாகி, மார்ச்சில் இரண்டானார்கள். அந்த இரண்டு பேரின் வீட்டில் போன் கிடையாது. பசவராஜின் சலூனில் படம் இருந்த இடத்தில் நாட்காட்டி தொங்கியது.

“எங்கே பசவராஜ், படம்?”

“சுவத்துக்குப் பெயிண்ட் அடிச்சோம்ணா,” என்றார் பசவராஜ், கத்தரியையே பார்த்துக்கொண்டு.

சுவரில் பெயிண்ட் அடித்ததாகத் தெரியவில்லை. படம் இருந்த சதுரம் மட்டும் வெளுப்பாக, நாட்காட்டியின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் முதல் வாரம் பாலன் அவரைக் கழக அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் கோப்பை இருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

“மாணிக்ணா, தப்பா நினைக்காதீங்க. ஸ்பான்சர் பேஜார் பண்றாரு. குடிகாரன் பேர்ல இருக்கற கோப்பைக்கு நான் எப்படிப் போர்டு வெப்பேன்னு கேக்கறாரு.”

“நான் குடிச்சதில்லைன்னு உனக்குத் தெரியும் பாலா.”

“எனக்குத் தெரியும்ணா. போனுக்குத் தெரியாதே. அதுல நீங்க தெனமும் விழுந்துட்டேதான் இருக்கீங்க.” பாலன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து உள்ளங்கையில் தட்டிக்கொண்டார். “சரி, குடிக்கல. அப்ப எதனால விழுந்தீங்க? நீங்களே சொல்லுங்க. கேப்போம்.”

முப்பத்தேழு வருஷமாகப் பாலன் கேட்கக் காத்திருந்த கேள்வி அது. பந்தைக் குறை சொன்னால் திருப்பிக் கேட்க வேண்டியதும் அவர் உதட்டில் தயாராக இருந்தது. அது என்ன என்று மாணிக்கவாசகத்துக்கும் தெரியும். வாய்வரை வந்த மணலை அவர் அப்படியே முழுங்கினார்.

“கால் இடறிடுச்சு.”

“கால் இடறினதுன்னு சொன்னா யாரு நம்புவாங்க? ஒரு லெட்டர் குடுங்கண்ணா. ‘அன்னைக்குக் கொஞ்சம் எடுத்துட்டு வந்துட்டேன், தப்பாயிடுச்சு, மன்னிச்சிடுங்க’ன்னு நாலு வரி. ஞாயித்துக்கிழம அஞ்சு மணிக்குப் பொதுக்குழு. நான் படிச்சுடறேன். ஆய்த்து, அத்தோட முடிஞ்சது. பேரு அப்படியே இருக்கும்.”

“குடுக்கலைன்னா?”

பாலன் பித்தளைப் பலகையின் நாலு திருகாணிகளையும் ஒரு தடவை கண்ணால் எண்ணினார்.

வீட்டில் பாப்பாத்திக்கு இது தெரிந்தபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர்க்காரி, கல்யாணமாகி மைசூர் வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகியும் பேச்சில் ஊர் போகவில்லை.

“ஏனுங்க, குடிக்காத மனுசன் குடிச்சேன்னு எழுதிக் குடுப்பீங்களா?”

“பேரு நிக்கும் பாப்பாத்தி.”

“எந்தப் பேருங்க? குடிகாரன்னு எழுதிக் கையெழுத்துப் போட்ட பொறவு நிக்கறது எந்தப் பேரு?”

“பலகையில இருக்கற பேரு.”

“அந்தப் பலகைய எங்கிட்டக் குடுங்க, அருவாமணைக்கு அண்டக் குடுக்கறேன்.” கீரைத் தண்டைப் படக்கென்று ஒடித்தாள். “எங்கப்பன் என்னையக் குடிக்காத மாப்பிள்ளைக்குக் குடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டுச் செத்தாரு. அவரையும் சேத்துப் பொய்காரராக்கிப் போடுங்க.”

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். கல்கத்தா இல்லை, சலூன் படம் இல்லை, ஆறு மணிப் பிள்ளைகள் இல்லை. ஒரு சாண் பித்தளை மட்டும் மிச்சம். செத்த பிறகும் வருஷத்துக்கு ஒரு நாள் யாரோ ஒருத்தன் அதைப் பார்த்து ‘யாரு இந்த மாணிக்கம்?’ என்று கேட்பான் என்று அவர் நம்பினார். அதற்காகக் குடிகாரனாகவும் தயார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனார். கிரண் சாப்பிடப் போயிருந்தான். அஷ்வினி மட்டும் இருந்தாள். ஜனவரியிலிருந்து அவளை ஒழுங்காகப் பார்த்ததில்லை. தெருவில் அவரைக் கண்டால் அவளுக்குத் திடீரென்று போன் வந்துவிடும். இன்றைக்கு ஒதுங்க இடமில்லாமல் கம்ப்யூட்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாள்.

“ஒரு லெட்டர் அடிக்கணும்மா. நான் சொல்றேன், நீ தட்டு.”

“சொல்லுங்க தாத்தா.”

சொன்னார். ‘அன்றைய தினம் நான் மது அருந்திய நிலையில்’ என்ற இடத்தை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவள் விரல்கள் நின்றுபோயிருந்தன.

“என்னம்மா, எழுத்து தெரியலையா?”

“தெரியும் தாத்தா.” அவள் நிமிரவில்லை. “பிரிண்டர் சூடாகணும். சும்னே இங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? போய் டீ குடிச்சிட்டு வாங்க. வர்றதுக்குள்ள ரெடியா இருக்கும்.”

டீக்கடையில் யாரோ இரண்டு பேர் அவரைப் பார்த்துவிட்டு, ஒருவன் மேல் ஒருவன் சாய்ந்து விழுகிற மாதிரி நடித்துச் சிரித்தார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பினார். சூடான காகிதத்தை அஷ்வினி நீட்டினாள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படித்துப் பார்க்கும் பழக்கம் வொர்க்‌ஷாப்பில் வந்தது. கண்ணாடியை மாட்டினார்.

‘மதிப்பிற்குரிய பொதுக்குழுவே! நம் காலனியின் அணையாச் சூரியன் எடகாலு மாணிக்கவாசகம் அவர்கள் தன் ஆட்டக்காலத்தில் நாலாயிரம் கோல் அடித்தார். ஒரு தடவை அவர் உதைத்த பந்து மூன்று நாள் கழித்து ஹனூரில் ஒரு கரும்புத் தோட்டத்தில் இறங்கியது. அதைத் திருப்பிக் கொடுக்க வந்த பெண்ணையே அவர் திருமணம் செய்துகொண்டார். கல்கத்தாவில் இவர் ஒருவர் இருந்தால் மற்ற பத்துப் பேருக்கு வேலை இருக்காது என்று பயந்து அழுதுகொண்டே அனுப்பி வைத்தார்கள். அவர் வாழ்க்கையில் குடித்தது தண்ணீர், கலர் ஆகிய இரண்டு மட்டுமே. ஜனவரியில் அவர் விழவில்லை. நாலு கிலோ ஈர மணல் அடைத்த பந்தை உலகத்தில் எவர் உதைத்தாலும் விழுவார்கள். உதைத்தது அவர் என்பதால் பந்து அரை அடி நகர்ந்தது. எனவே மன்னிப்புக் கேட்க வேண்டியது…’

அடியில் புள்ளிக்கோடு போட்டுக் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

முதல் தடவை படித்தபோது ஹனூர்க் கரும்புத் தோட்டத்தில் அவரையும் மீறி உதடு கோணியது. இரண்டாம் தடவை படித்தபோது அது நேராகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

“நாலாயிரம் கோல் பொய். அறுபத்து மூணு.”

“ஒரு இதுக்குப் போட்டேன் தாத்தா. எடுப்பா இருக்கணும்ல.”

“கரும்புத் தோட்டம் பொய். என் மாமனாரு ராகி போட்டவரு.”

“கரும்புன்னா இனிப்பா இருக்கும்னு…”

“கல்கத்தா பெரிய பொய். யாரும் அழல. ‘மொழங்காலு போச்சு, அடுத்த ஆளக் கூப்புடு’ன்னாங்க. டிக்கெட்டக் கையில குடுத்தாங்க. ஸ்டேஷனுக்குக்கூட ஒருத்தன் வரல.”

நாற்பது வருஷத்தில் இதை அவர் வெளியே சொன்னது இதுதான் முதல் தடவை. அஷ்வினி சுட்டு விரலால் கீபோர்டின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“பக்கம் பூராப் பொய்,” என்றார் அவர். “நடுவுல ஒரே ஒரு வரி மட்டும் நெஜமா இருக்கு. அது எப்படி வந்துச்சு?”

“எது தாத்தா?”

“மணலு.”

“அதுவும் சும்னே… மத்தது மாதிரிதான். கற்பனை.”

மாணிக்கவாசகம் தலையாட்டினார், ஒத்துக்கொண்ட மாதிரி. அறுபத்து மூணு கோலையும் அவர் அப்படித்தான் போட்டிருந்தார்: கண் ஒரு பக்கம் போகும், பந்து இன்னொரு பக்கம் போகும்.

“கற்பனைன்னா கொஞ்சம் சரியாப் பண்ணியிருக்கலாம்மா. ஈர மணல்னு போட்டா எவன் நம்புவான்? லேஸ் கட்டற ஓட்டை இவ்வளவுதான் இருக்கும். அதுல ஈர மணலு எறங்குமா? காஞ்ச மணல்னு மாத்திடு.”

“காஞ்ச மணல் நிக்காது தாத்தா,” என்றாள் அஷ்வினி பட்டென்று. “தையல்லயெல்லாம் ஒழுகிடும், தூக்கறப்பவே தெரிஞ்சிடும். ஈரமா இருந்தாத்தான் ஸ்பூன் காம்பால தள்ளித் தள்ளி…”

ஸ்பூனைப் பிடித்த மாதிரி அவள் கை காற்றில் நின்றது. வாய் மூட மறந்துவிட்டது. பிரிண்டர் மட்டும் ஒரு தடவை இருமி அடங்கியது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளையே பார்த்தார். எதையாவது கேட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“உங்களுக்கு வெச்சது இல்ல தாத்தா,” என்றாள் கடைசியில். “பாலன் அங்கிளுக்கு. வருசா வருசம் அவருதானே தட்டுவாரு? கழக மீட்டிங்ல அத்தனை பேர் முன்னாடி என்னை ‘ஸ்கூல விட்டு ஓடினவ’ன்னாரு. தட்டறப்ப நகராம நிக்கட்டும், எல்லாரும் சிரிக்கட்டும்னு… அவரு மைக்ல உங்களைக் கூப்பிட்டப்ப நான் கத்தினேன். யாருக்கும் கேக்கல. நீங்க நாலடி பின்னாடி போறீங்க…” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “ஆனா அது பொய் இல்ல. அரை அடி நகந்துச்சு. சுண்ணாம்புப் பொட்டுலேர்ந்து தள்ளி இருந்துச்சு. பந்தக் கொண்டுவந்து வெச்சதும் நான்தான், எடுத்துட்டுப் போய்க் கொட்டினதும் நான்தான். பாத்தேன்.”

“நகம் இன்னும் மொளைக்கல,” என்றார் மாணிக்கவாசகம்.

அப்படியானால் வீட்டு கேட்டில் மருந்தைத் தொங்கவிட்டதும் இவள்தான்; அது பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. அதை அவர் சொல்லவில்லை. சொல்லும் மனசு அன்றைக்கு அவருக்கு இல்லை. மூன்று மாதம். இருபத்திரண்டு பிள்ளைகள். சலூன் சுவரில் வெளுத்த சதுரம். இவள் ஒரு வாய் திறந்திருந்தால்… அப்படி நினைத்தவருக்கு, தானும் ஒரு வாய் திறக்கவில்லை என்பது ஞாபகம் வந்து, அது இன்னும் கசந்தது.

சுவர்க் கடிகாரம் நாலே கால் காட்டியது. கழக அறை ஐந்து நிமிட நடை. ஸ்க்ரூ டிரைவர் இந்நேரம் மேஜைக்கு வந்திருக்கும்.

அவர் காகிதத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, புள்ளிக்கோட்டின் மேல் வைத்தார்.

“கையெழுத்துக்கு எடம் விட்டிருக்கியே, அது எனக்கு இல்ல.”

அஷ்வினி பேனாவை எடுத்தாள். நுனி காகிதத்தைத் தொடவில்லை.

“தமிழ்ல போடணுமா தாத்தா, கன்னடத்துலயா?”

“உனக்கு எதுல பொய் வராதோ, அதுல.”